உப்பு இரும்பைத் தின்பதில்லை: கடலோரத் துருவின் மின்கணக்கு

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை எந்தக் கடலோர ஊரில் கேட்டாலும் இரும்பு வீணாவதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "உப்புக் காத்து அரிச்சிருச்சு." ஜன்னல் கம்பி போனாலும் அதுதான், பைக் சைலன்சரில் ஓட்டை விழுந்தாலும் அதுதான், மாடிக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்தாலும் அதுதான். பாம்பன் பாலத்தைப் பற்றிய செய்திகளும், உலகத்திலேயே துருப்பிடிப்பு அதிகமுள்ள இடங்களில் இது இரண்டாவது, முதலிடம் அமெரிக்காவின் மயாமி என்று ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடும். அந்த வரிசையை எந்த அளவுகோலை வைத்துப் போட்டார்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை.

நம் கரையில் இரும்பு சீக்கிரம் போகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பு அதைத் தின்பதில்லை. இதற்கு ஓர் எளிய சான்று இருக்கிறது. நல்ல தண்ணீரில் இரும்பைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் துருப்பிடிக்கும் வேகமும் கூடும். நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்கு உப்பு சேரும்போது வேகம் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் உப்புப் போட்டால் வேகம் குறையத் தொடங்கிவிடும். இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பு ஏறிய நீரில் இரும்பு கடல்நீரில் இருப்பதைவிட மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். தின்பது உப்புதான் என்றால் உப்பு கூடக் கூட இரும்பு இன்னும் வேகமாக அல்லவா போக வேண்டும்? நம் கெட்ட நேரம், கடல்நீரில் உள்ள உப்பின் அளவு அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

உண்மையில் இரும்போடு வினைபுரிவது ஆக்சிஜன். உப்பு அதற்குத் துணைபோகிறது. நீரில் உப்பு அளவுக்கு மீறினால் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதனால் துருவும் மெதுவாகும். ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் நடுவே நடப்பது ஒரு மின் நிகழ்வு. இப்படிப்பட்ட நிகழ்வுகளைப் படிக்கும் துறைக்கு மின்வேதியியல் என்று பெயர். இதற்கென்றே ஒரு பெரிய ஆய்வு நிறுவனம் நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் வாயில் சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து, கடல்காற்று அவற்றை என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் இவர்கள்தான்.

விற்பவர், வாங்குபவர், வழி

ராமேஸ்வரத்தில் விடிகாலை மீன் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விற்க ஒருவர் வேண்டும். வாங்க ஒருவர் வேண்டும். சரக்கு போக வழி வேண்டும். மீன் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் வாங்க ஆள் வராவிட்டால் ஏலம் நடக்காது. வியாபாரி பத்துப் பேர் நின்றாலும் பாதை அடைபட்டுவிட்டால் அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான்.

துருப்பிடிப்பதும் இப்படி ஒரு வியாபாரம். இங்கே சரக்கு எலக்ட்ரான், அதாவது அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய எதிர்மின் துகள். விற்பது இரும்பு. ஓர் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துவிட்டு, தான் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. இப்படி மின்னேற்றத்தோடு தண்ணீரில் திரிகிற அணுவுக்கு அயனி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாமல் இரும்பு மெலிவது இந்த இடத்தில்தான். வாங்குவது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். அது எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு என்ற கார அயனியாகிறது.

வழி இரண்டு. எலக்ட்ரான்கள் இரும்புக்குள்ளேயே ஓடும், தண்ணீரில் அவற்றால் போக முடியாது. அயனிகள் தண்ணீருக்குள் போகும், இரும்புக்குள் அவற்றால் போக முடியாது. இந்த இரண்டு பாதையும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று ஆனால்தான் வியாபாரம் ஓடும். எங்கே ஒரு வெட்டு விழுந்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

சரி, இப்போது பெயர்கள். உலோகத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் பரப்புக்கு மின்முனை என்று பெயர். எலக்ட்ரானை விடுகிற முனை ஆனோடு. எலக்ட்ரான் போய்ச் சேர்கிற முனை கேத்தோடு. அயனிகளை ஓடவிடும் திரவம் மின்பகுளி. நம் கதையில் அது கடல்நீர். உலோகம் இப்படி மின்வழியில் கரைந்து போவதை அரிமானம் என்கிறார்கள். துரு என்பது இரும்புக்கு நேரும் அரிமானம்.

பள்ளியில் இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் தொடங்கும். ஆனோடு பிளஸ், கேத்தோடு மைனஸ் என்று மனப்பாடம் செய்திருப்போம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அதன் ஆனோடு மைனஸ். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி ஒரு பொருளைப் பிரிக்கும்போது ஆனோடு பிளஸ். அதனால் குறியை மறந்துவிட்டு வேலையை வைத்து நினைவு கொள்வது நல்லது: விடுவது ஆனோடு, வாங்குவது கேத்தோடு. 1834ல் மைக்கேல் ஃபாரடே இந்தப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு எத்தனையோ வகை பேட்டரி வந்துவிட்டது, இந்த விதி மாறவில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: இரும்பு ஆனோடில் கரைகிறது, ஆக்சிஜன் கேத்தோடில் எலக்ட்ரானை வாங்குகிறது, உப்புநீர் இருவருக்கும் நடுவே வழியாக இருக்கிறது.

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள்

ஆனோடும் கேத்தோடும் இரண்டு தனித்தனிக் கம்பிகளாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆணியில், ஒரே தகட்டில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டும் இருக்கலாம். கேம்பிரிட்ஜில் இருந்த அரிமான ஆய்வாளர் யுலிக் எவன்ஸ் 1920களில் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்துகாட்டினார். பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்துவிடலாம், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் உப்புநீர் ஒரு சொட்டு வைக்க வேண்டும். அந்த நீரில் முன்கூட்டியே இரண்டு பொருள்களைக் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். ஒன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரும்பு அயனி வந்தால் நீலமாகும். இன்னொன்று பினாப்தலீன், காரம் வந்தால் ரோஸ் நிறமாகும். முதலில் சொட்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளிகளும் ரோஸ் புள்ளிகளும் தோன்றும். கொஞ்ச நேரத்தில் அவை இடம் பிரிந்துகொள்ளும். சொட்டின் நடுவே நீலம், ஓரத்தில் ரோஸ் வளையம். பிறகு இரண்டுக்கும் இடையில் காவி நிறத்தில் ஒரு மெல்லிய வட்டம் விழும். அதுதான் துரு.

ஏன் இப்படிப் பிரிகிறது? சொட்டின் ஓரம் மெலிதாக இருப்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் அங்கே சுலபமாக வந்து சேர்கிறது. நடுப்பகுதியில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் மேலிருந்து இறங்கிவர நேரமாகும். ஆக, வாங்குபவர்கள் எல்லோரும் ஓரத்தில் கூடிவிடுகிறார்கள், சரக்கு நடுவிலிருந்து போகிறது. எலக்ட்ரான் இரும்புக்குள் ஓடிவிடும் என்பதால், வாங்குபவர் நிற்கும் இடத்திலேயே விற்பவரும் நிற்க வேண்டிய கட்டாயமில்லை.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவைப் பலரும் நம்ப மறுப்பார்கள்: ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் இரும்பு அதிகம் கரைகிறது. இன்னொன்று, துரு தெரிகிற இடம் வேறு, இரும்பு போன இடம் வேறு. சொட்டில் காவி வட்டம் விழுந்தது இடைவெளியில், குழி விழுந்தது நடுவில். கம்பியில் காவி படிந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படகின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அதாவது ஓடுள்ள சிறு கடலுயிரை, உளியால் தட்டி எடுத்தால், அதன் கீழே உலோகத்தில் குழி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். ஓடு இரும்பைக் கடிக்கவில்லை. ஓட்டுக்குக் கீழே ஆக்சிஜன் போகவில்லை, சுற்றியுள்ள திறந்த பரப்பில் தாராளமாகக் கிடைத்தது. வாஷருக்கு அடியிலும், இரண்டு தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த இடுக்கிலும், கம்பத்தில் சகதி அப்பிய இடத்திலும் இதே கதைதான்.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட் அடித்த காலத்துக் கட்டுமானம். ரிவெட் இருக்கும் இடமெல்லாம் இடுக்கு. 1964 டிசம்பர் புயலையே தாண்டி வந்த அந்தப் பாலத்தில், தூக்குப் பகுதியின் அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள், மேலே பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு. செய்திகளில் எல்லோரும் பூச்சைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால் வெல்டிங்கும் அதே அளவு முக்கியம். இடுக்கு இல்லாவிட்டால் ஆனோடு ஒளிந்துகொள்ள இடமில்லை.

அப்புறம், அலை அடிக்கும் இடம். கடலுக்குள் முழுக்க மூழ்கிய இரும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் மெலியும். அலைத் திவலை பட்டுப்பட்டுக் காயும் பகுதியில் அது சில மடங்கு. ஈரம் ஒரு மெல்லிய படலமாக இருப்பதால் ஆக்சிஜனுக்கு அங்கே தடையே இல்லை. முன்பு சொன்னதற்கு இது முரண் அல்ல: எந்த இடம் கரையும் என்பதை ஆக்சிஜன் குறைந்த இடம் முடிவு செய்யும், எவ்வளவு கரையும் என்பதை மொத்தமாக வந்து சேரும் ஆக்சிஜன் முடிவு செய்யும். படகுத்துறைத் தூண்களைப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இடுப்பு மெலிந்திருக்கும்.

அப்படியானால் உப்புக்கு என்ன வேலை?

உப்பு செய்வது மூன்று காரியம், மூன்றுமே மறைமுகம்.

முதலாவது, வழியை அகலமாக்குகிறது. கடல்நீர் நல்ல குடிநீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். நல்ல தண்ணீரில் ஆனோடும் கேத்தோடும் நெருங்கியிருந்தால்தான் வியாபாரம் நடக்கும். கடல்நீரில் சற்றுத் தள்ளி இருந்தாலும் நடக்கும்.

இரண்டாவது, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. மழையே பெய்யாத மாதத்திலும் ஜன்னல் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பதற்கு இதுதான் விடை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துப்போகும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது இந்த மக்னீசிய உப்புதான். நம் கரையில் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம். ஆகவே கம்பிமேல் ஒரு மெல்லிய உப்புத்தூசி படிந்துவிட்டால், பார்க்க உலர்ந்தது மாதிரி இருந்தாலும் உண்மையில் அது நனைந்தே இருக்கிறது. பைக்கை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வது வெறும் சுத்தத்துக்காக அல்ல, அந்தத் தூசியை இறக்குவதற்காக.

மூன்றாவது காரியம்தான் வீடு கட்டுபவர்களைப் பாதிப்பது. சில சூழல்களில் இரும்பு தன்மேல் தானே ஒரு மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு விற்பனையை நிறுத்திவிடும். இதைக் காப்புப் படலம் என்று சொல்லலாம். நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதற்குள் இருக்கும் கம்பி இந்தப் படலத்தால்தான் பல பத்தாண்டுகள் தாங்குகிறது. குளோரைடு, அதாவது உப்பில் உள்ள குளோரின் அயனி, இந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். படலம் உடைந்த சிறு புள்ளி ஆனோடாகிறது, உடையாத மீதிக் கம்பி முழுவதும் கேத்தோடாகிறது. விற்பவர் ஒருவர், வாங்குபவர் நூறு பேர். அந்த ஒரு புள்ளியிலிருந்தே எல்லோருக்கும் சரக்குப் போக வேண்டும். ஆகவே கம்பி முழுக்கச் சீராக மெலியாமல் ஓரிடத்தில் ஆழமாகக் குழி விழும்.

துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. கம்பியைச் சுற்றி அது வீங்கும்போது கான்கிரீட்டுக்கு விரிசல் விட்டுப் பெயர்வதைத் தவிர வேறு வழியில்லை. கடற்கரை மணலைக் கழுவாமல் கலப்பதும், கிணற்று உப்புத் தண்ணீரில் கான்கிரீட் போடுவதும் கம்பிக்குப் பக்கத்திலேயே குளோரைடைக் கொண்டுபோய் வைப்பதுதான். மேலே எத்தனை தடவை பூசினாலும் உள்ளே போட்ட குளோரைடு வெளியே வராது.

சுருக்கமாக: உப்பு வழியை அகலமாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், காப்புப் படலத்தை உடைக்கும். எலக்ட்ரானை வாங்குவது மட்டும் அது இல்லை.

துத்தநாகக் கட்டி எப்படிக் காப்பாற்றுகிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்த 61 நாளில் கவனித்தால், இரும்பு உடல் கொண்ட படகுகளின் அடியிலும் சுக்கான் பக்கத்திலும் போல்ட் போட்ட சாம்பல் நிறக் கட்டிகளைப் பார்க்கலாம். ஜிங்க் என்பார்கள், துத்தநாகம். புதிதாக மாட்டும்போது விளிம்பு கூர்மையாக, வழவழவென்று இருக்கும். கழற்றும்போது முழுக்கச் சொறிசொறியாகக் குழி விழுந்து, மேலே வெள்ளைப் பொடி படிந்து, சில இடங்களில் போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

உலோகங்கள் எல்லாம் ஒரே ஆர்வத்தோடு எலக்ட்ரானை விற்பதில்லை. மக்னீசியம் முந்தும், அடுத்து துத்தநாகம், அப்புறம் இரும்பு, அதற்கும் பின்னால் செம்பும் வெண்கலமும். இரண்டு உலோகங்களைத் தொடவிட்டு ஒரே கடல்நீரில் வைத்தால், முந்துகிற உலோகம் ஆனோடாகிக் கரையும், பிந்துகிறது கேத்தோடாகித் தப்பிக்கும். வெண்கல புரொப்பெல்லரும் இரும்பு உறுப்புகளும் சேர்ந்திருக்கும் படகில் அடி வாங்குவது இரும்பு. அங்கே துத்தநாகத்தைச் சேர்த்தால் அது எல்லோருக்கும் முன்னால் விற்றுவிடும், இரும்புக்கு விற்க வேண்டிய தேவை வராது.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுக்க இரும்பு ஆனோடிலிருந்து ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு கரைந்துவிடும். அதே மின்னோட்டத்தைத் துத்தநாகம் ஏற்றுக்கொண்டால் 11 கிலோ போலத் துத்தநாகம் கரையும். கட்டி கரைவதைப் பார்த்து "மட்டமான சரக்கு" என்று கோபப்படுபவர்கள் உண்டு. கரையாத கட்டியைக் கண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கரையாமல் இருக்கப் பொதுவாக மூன்று காரணம். பெயின்ட் அடிக்கும்போது கட்டிமேலும் சேர்த்து அடித்திருப்பார்கள்; அயனி வெளியே வர வழியில்லை. அல்லது கட்டிக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பரோ பழைய பெயின்டோ இருக்கும். எலக்ட்ரான் போக வழியில்லை. அல்லது கட்டி தண்ணீருக்கு மேலே இருக்கும், மின்பகுளியே இல்லை. இதே காரணத்தால்தான் வீட்டு ஜன்னல் கம்பியில் துத்தநாகக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் பயனில்லை. கம்பி முழுக்கத் துத்தநாகப் பூச்சு இருந்தால் பயன் உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் அந்த இடத்தைக் காப்பது அதனால்தான்.

பரப்பளவையும் பார்க்க வேண்டும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் போல்ட் சீக்கிரமே போய்விடும்: சிறிய ஆனோடு, பெரிய கேத்தோடு. இரும்புத் தகட்டில் எவர்சில்வர் போல்ட் என்றால் சேதம் பரவிவிடுவதால் அவ்வளவாகத் தெரியாது. இதே கணக்கில், வெண்கலத்தோடு சேர்ந்த இரும்புக்கு மட்டும் பெயின்ட் அடித்து அதில் ஒரு கீறல் விழவிடுவது, பெயின்டே அடிக்காததைவிட ஆபத்தாகலாம். அடித்தால் இரண்டுக்கும் அடிக்க வேண்டும்.

இந்த உத்தியின் தொடக்கம் 1824. ஃபாரடேயின் குருவான ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் பதித்த செம்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை வைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை கொட்டலசையும் பாசியையும் விஷம் வைத்து விரட்டிக்கொண்டிருந்தது. செம்பு காப்பாற்றப்பட்டதும் கப்பலடி முழுக்கக் கொட்டலசு ஏறிக் கப்பல்கள் வேகம் குறைந்தன. கொஞ்ச காலத்திலேயே கடற்படை அதைக் கைவிட்டது. மின்வேதியியல் சரியாகத்தான் வேலை செய்தது, கடலில் உயிர்கள் இருப்பதுதான் கணக்கில் வரவில்லை.

"கடல் தண்ணீரில் எரியும் விளக்கு"

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் காணொளி ஒன்று உண்டு: உப்புத் தண்ணீர் ஊற்றினால் விளக்கு எரிகிறது, கார்கூட ஓடுகிறது. விளக்கு உண்மைதான். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ரோஷ்னி என்ற பெயரில் ஒரு கடல்நீர் எல்.இ.டி. விளக்கை உருவாக்கி, 2022 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. மின்சாரம் போன புயல் நாளில், கடலோரக் குடிசையில், இரவில் கடலுக்குப் போகும் படகில் உண்மையிலேயே உதவும் பொருள்.

ஆனால் எரிபொருள் உப்புத் தண்ணீர் என்று நினைத்தால் தவறு. இந்த வகை விளக்குகளில் இரண்டு மின்முனைகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று மக்னீசியம் போன்ற உலோகத் தகடு, இன்னொன்றில் காற்றின் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும். கடல்நீர் நடுவே மின்பகுளியாக மட்டும் நிற்கிறது. படகுத்துறைத் தூணில் நடக்கும் அதே வியாபாரம்தான். வித்தியாசம் ஒன்றே: எலக்ட்ரான்களை உலோகத்துக்குள்ளேயே ஓடவிடாமல் கம்பி வழியாகச் சுற்றிவரச் செய்து, நடுவில் எல்.இ.டி.யை மாட்டியிருக்கிறார்கள். தகடு கரைந்து தீர்ந்தால் எத்தனை குடம் கடல்நீர் ஊற்றினாலும் விளக்கு எரியாது. தகடு மாற்ற வேண்டும், அதற்குக் காசு ஆகும்.

இப்போது ஆய்வகங்களில்

அண்மை ஆண்டுகளில் மின்முனை ஆய்வில் அதிகம் பேசப்படுவது இதற்கு எதிர்த்திசையில் நடப்பது: கடல்நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜன் எடுப்பது. வெயிலுக்கும் கடலுக்கும் பஞ்சமில்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லேயே வந்துவிட்டது. பக்கத்திலேயே கடல். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

மின்சாரம் கொடுத்தால் கேத்தோடில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். அங்கே பெரிய சிக்கலில்லை, மக்னீசியமும் கால்சியமும் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்வதைத் தவிர. தொல்லை ஆனோடில். அங்கே தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வர வேண்டும். ஆனால் கடல்நீரில் குளோரைடு ஏராளம். அதுவும் எலக்ட்ரானை விற்கப் போட்டியிடும். அப்படி நடந்தால் வருவது குளோரின் வாயு. கணக்குப்படி ஆக்சிஜனுக்குத்தான் குறைந்த மின்னழுத்தம் போதும். ஆனால் ஆக்சிஜன் உருவாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும், குளோரினுக்கு இரண்டு போதும். அதனால் நடைமுறையில் குளோரின் முந்திக்கொள்ளும். நீரைக் காரமாக்கினால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை வோல்ட் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்கும் மின்முனையைச் செய்தால் குளோரின் வராது. இந்தத் துறையின் பல ஆய்வுகளுக்கு அந்த அரை வோல்ட்தான் அடிப்படை.

குளோரின் வராவிட்டாலும் குளோரைடு சும்மா இருக்காது, மின்முனையையே அரிக்கும். 2019ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜியே டாய் குழு, நிக்கல் நுரையின்மேல் (பஞ்சு போலத் துளைகள் நிறைந்த நிக்கல்) நிக்கல் சல்ஃபைடு, அதன்மேல் நிக்கல்-இரும்புச் சேர்மம் என்று அடுக்கி ஓர் ஆனோடு செய்தது. வேலை செய்யும்போது அதில் எதிர்மின்னேற்றம் உள்ள ஒரு படலம் உருவாகும். குளோரைடும் எதிர்மின்னேற்றம் உடையதாகையால் அது விலகிப்போகும். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் சுமார் 12 மணி நேரம் தாங்கிய முனை, அதோடு 1000 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது.

2022ல் சீனாவில் ஷே ஹெபிங் குழு வேறு வழியில் போனது. கடல்நீரை மின்முனையிடம் விடவே இல்லை. நடுவில் ஒரு நுண்துளைச் சவ்வு வைத்தார்கள். ஆவி மட்டும் அதைத் தாண்டி உள்ளே இருக்கும் அடர்த்தியான காரக் கரைசலுக்குப் போகும், உப்பு வெளியிலேயே நின்றுவிடும். மணிக்கு 386 லிட்டர் ஹைட்ரஜன் வீதம் 133 நாள் ஓடியது அந்தக் கருவி.

இதைப் படித்துவிட்டு "இனி பெட்ரோல் வேண்டாம்" என்று எழுதுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட் மின்சாரமும் வேண்டும். அந்த 10 லிட்டரைக் கடல்நீரிலிருந்து வழக்கமான ஆர்.ஓ. முறையில் நல்ல தண்ணீராக்க ஆகும் செலவு 0.04 யூனிட். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்குவதை நம் மாவட்டம் எப்போதோ பார்த்துவிட்டது. முதலில் நல்ல தண்ணீராக்கி, பிறகு அதைப் பிரிப்பதுதான் இன்றைக்குச் சிக்கல் குறைந்த வழி. கடல்நீரை நேரடியாகப் பிரிக்கும் ஆய்வுகளில் எனக்கு அதிகப் பயனாகத் தெரிவது ஹைட்ரஜன்கூட இல்லை, குளோரைடை விலக்கிவைக்கும் மேற்பரப்பை எப்படிச் செய்வது என்ற அறிவு. மாடிக் கூரைக்குள் கம்பியின் காப்புப் படலத்தை உடைப்பதும் அதே குளோரைடுதான்.